பத்தாம் வகுப்புக்கு முன்னால் நழுவும் பிள்ளைகள்: ஊர் செய்யக்கூடியது என்ன?

ஒரு பையன் பள்ளியை விட்டு நிற்பது ஒரே நாளில் நடக்கிற காரியமில்லை. முதலில் திங்கட்கிழமைகளில் காணாமல் போவான். பிறகு முகூர்த்த நாளுக்கு மறுநாள் வரமாட்டான். மண்டபத்தில் விடிய விடியப் பரிமாறிவிட்டுத் தூங்கிக்கொண்டிருப்பான். அப்புறம் மதியச் சாப்பாடு முடிந்ததும் பையைக்கூட எடுக்காமல் நழுவுவான். பரீட்சை நாளில் வயிற்றுவலி வரும். இப்படி இரண்டு மூன்று மாதம் ஓடிய பிறகுதான் ஒரேயடியாக நிற்பான். தொடர்ந்து 30 வேலை நாள் வராமல் போனால் அரசுக் கணக்கில் இடைநின்ற மாணவர். அந்தப் பட்டியல் கைக்கு வந்த பிறகு ஊருக்குள் இறங்கினால் பாதிக் காரியம் கைநழுவியிருக்கும். அதற்குள் வாரக்கூலி புரள ஆரம்பித்திருக்கும், தவணையில் ஒரு செல்போன் வந்திருக்கும், "இனிமே நான் படிக்கல" என்று நாலு பேரிடம் சொல்லியாகியிருக்கும். சொன்ன வார்த்தையிலிருந்து இறங்கி வருவது பதினைந்து வயதில் பெரிய பாடு.

எனவே மூன்றாம் நாள் வீட்டுக்குப் போய்விட வேண்டும். காய்ச்சலாக இருந்தாலும் நஷ்டமில்லை, நலம் விசாரித்ததாக இருக்கட்டும்.

இங்கே பேசுவது தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 8 முதல் 10 வரை படிக்கும் பிள்ளைகளைப் பற்றி. எட்டு வரைக்கும் யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. ஒன்பதாம் வகுப்பில்தான் 'ஃபெயில்' என்ற சொல் முதன்முதலாக வீட்டுக்கு வருகிறது. கூலி வேலைக்கு உடம்பு தயாராவதும் அதே வயதில். பல ஊர்களில் எட்டாம் வகுப்போடு நடுநிலைப் பள்ளி முடிந்துவிடுவதால் பள்ளி மாறுவதும் அப்போதுதான். மாறும்போது மாற்றுச் சான்றிதழ் வாங்கிய பெயர், பள்ளிக் கல்வித் துறை மாணவர் விவரங்களைப் பதிந்து வைக்கும் எமிஸ் இணையத்தில் பொதுத் தொகுப்புக்குப் போய்விடும். இன்னொரு பள்ளி அதை இழுத்துக்கொள்ளும் வரை அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கும் சொந்தமில்லை. ஜூன் மாதம் முதல் இரண்டு வாரத்தில், பழைய பள்ளியின் எட்டாம் வகுப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயரும் எங்கே சேர்ந்திருக்கிறது என்று டிக் போட்டால் போதும், விடுபட்டவர்கள் தெரிந்துவிடுவார்கள். ஒரு சாயங்கால வேலை. ஆனால் பழைய பள்ளிக்கு அது முடிந்த கணக்கு, புதுப் பள்ளிக்கு இன்னும் தொடங்காத கணக்கு. இரண்டுக்கும் நடுவில் நின்று இதைச் செய்ய ஊரில் ஒருவர் வேண்டும்.

அந்த ஒருவரை எங்கே தேடுவது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். குழு ஏற்கெனவே இருக்கிறது. கூட்டத்தில் கட்டடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் பேசி முடிவதற்குள் மணி ஆகிவிடுகிறது, அவ்வளவுதான். தெருவுக்கு ஒரு உறுப்பினர் என்று பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு நான்கைந்து பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். மூன்று நாள் வராத பிள்ளையின் பெயரை வகுப்பாசிரியர் அன்று மாலையே அந்தத் தெருக்காரருக்குப் போனில் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப் குழுவில் போடக் கூடாது. பெயர் பத்துப் பேர் கண்ணில் பட்டால் இரவுக்குள் அந்த வீட்டுக்குச் செய்தி போய்ச் சேரும், மறுநாள் கதவு திறக்காது.

வருடத்தில் சில வாரங்கள் மற்றவற்றைவிட ஆபத்தானவை. ஜூன் தொடக்கம், செப்டம்பர் காலாண்டு விடுமுறை முடிந்த வாரம், அரையாண்டு மதிப்பெண் வரும் நேரம், பொங்கலுக்குப் பிறகு. செங்கல் சூளைக்குப் போகும் குடும்பங்கள் பெரும்பாலும் பொங்கல் முடிந்து கிளம்பி, மழை தொடங்கும்போது திரும்பும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு சரியாக நடுவில் வந்து விழுகிறது. இந்தக் குடும்பங்களிடம் பேச வேண்டிய மாதம் நவம்பர். அட்வான்ஸ் வாங்கிய பிறகு பேசினால் அப்பா அம்மாவே நினைத்தாலும் பிள்ளையை விட்டுவிட்டுப் போக முடியாது. வேலைக்கு எத்தனை கைகள் வரும் என்று கணக்குப் பார்த்துத்தான் சூளைக்காரர் பணம் கொடுத்திருப்பார். நவம்பரிலேயே பாட்டி வீடு, சித்தி வீடு, அரசு விடுதி என்று ஏதாவதொன்றைப் பேசி முடித்துவிட வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் பையன்கள் சேர வீட்டுக்கும் பள்ளிக்கும் 8 கிலோமீட்டராவது தூரம் இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை உண்டு. மாணவிகளுக்கு அந்த நிபந்தனை கிடையாது. இது தெரியாமலே பல பெண் பிள்ளைகளுக்கு யாரும் விண்ணப்பம் வாங்குவதில்லை. விடுதிக்குச் சாதிச் சான்றும் வருமானச் சான்றும் கேட்பார்கள். இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். பணத்தைவிட, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு அம்மா அங்கே வரிசையில் நிற்க வேண்டியிருப்பதுதான் தடை. அந்த அலைச்சலை ஏற்றுக்கொள்வது ஊர்க்காரர்கள் செய்யக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள உதவி.

வீட்டுக்குப் போவது

இரண்டு பேர் போதும். பெண் பிள்ளை என்றால் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். ஐந்தாறு பேர் கூட்டமாகப் போனால் தெருவே வாசலுக்கு வந்துவிடும். அந்த அப்பா அதற்கப்புறம் உண்மையைப் பேசமாட்டார். தலைமையாசிரியரை முதல் தடவையே அழைத்துப் போகாதீர்கள், அவர் இரண்டாம் ஆயுதம். போலீஸ், சட்டம், ரேஷன் கார்டு ரத்து என்றெல்லாம் மிரட்டுகிறவர்கள் உண்டு. பிள்ளை இரண்டு நாள் வந்துவிட்டு மூன்றாம் நாள் வெளியூர் அத்தை வீட்டில் இருக்கும்.

நேரம், வேலை முடிந்து குளித்து உட்காரும் ஏழு ஏழரை மணி. சனிக்கிழமை சம்பள நாள். அப்பா குடித்திருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் அன்று வேண்டாம். பேச்சை அம்மாவிடம் தொடங்குவது நல்லது. "ஏன்க்கா புள்ளைய அனுப்பல?" என்று கேட்டால் "ஒடம்புக்கு முடியல" என்று பதில் வரும், கதவு சாத்தப்படும். "என்னக்கா, வேலையெல்லாம் எப்படிப் போகுது, அண்ணனுக்குக் கால் வலி தேவலையா?" என்று வீட்டைப் பற்றிக் கேட்டால், பத்து நிமிடத்தில் காரணம் தானாக வெளியே வரும். வீட்டுக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று என்று பெரும்பாலும் இரண்டு காரணங்கள் இருக்கும். வீட்டில் சொல்வது பணம். பிள்ளை சொல்லாமல் வைத்திருப்பது வேறு: படிக்கத் தெரியாதது, வாத்தியார் எல்லார் முன்னாலும் சொன்ன ஒரு சொல், பஸ்ஸில் தொல்லை தரும் ஒருவன், சாதி சொல்லிக் கூப்பிடும் கூட்டம். அதைப் பிள்ளையிடம் தனியாக, வாசலுக்கு வெளியே நடந்துகொண்டே கேட்க வேண்டும். எதிரெதிரே உட்காரவைத்துக் கேட்டால் தலை குனிந்துகொள்ளும்.

சாதிதான் காரணம் என்று தெரிந்தால், ஊர்ப் பெரியவர்களை வைத்துச் சமாதானம் பேசுவது பல நேரம் எதிராளிக்குத்தான் சாதகமாக முடியும். அந்தத் தெருவைச் சேர்ந்த, படித்து வேலைக்குப் போன ஒரு அக்காவோ அண்ணனோ பிள்ளைக்குப் பக்கபலமாக இருக்கட்டும். பள்ளிக்குள் நடப்பதை எழுத்தில் தலைமையாசிரியரிடம் கொடுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன புகார் எங்கும் பதிவாகாது.

பணம் எங்கே வேலை செய்யும், எங்கே செய்யாது

மாதாமாதம் வீட்டுக்கு ரொக்கம் கொடுக்கும் ஏற்பாடு நிற்காது. இரண்டாம் மாதமே பக்கத்து வீட்டார் "எங்க புள்ளையும் நின்னாத்தான் குடுப்பீங்களா?" என்று கேட்பார்கள், கேள்வி நியாயமானதும்கூட. குறிப்பான ஒரு தடையை நீக்கும் சிறு தொகைக்குத்தான் பலன் அதிகம். கிழிந்த செருப்பு, பஸ் பாஸ் வரும் வரைக்கும் ஆகும் டிக்கெட் காசு, கணக்குப் பெட்டி, மூக்குக்கண்ணாடி. கண்ணாடியை அழுத்திச் சொல்ல வேண்டும்: கரும்பலகை தெரியாமல் பின் பெஞ்சில் உட்கார்ந்து 'மந்தம்' என்று பெயர் வாங்கிய பிள்ளைகள் ஒவ்வொரு பள்ளியிலும் இருக்கிறார்கள்.

பெரிய தொகை தேவைப்படும் வீடுகளுக்கு ஊர் உண்டியல் போதாது, அரசுத் திட்டத்தோடு இணைத்துவிட வேண்டும். சம்பாதிக்கும் அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடங்கினாலோ, அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு 75,000 ரூபாய் வைப்புத்தொகை உண்டு. விண்ணப்பம் தலைமையாசிரியர் வழியாகப் போக வேண்டும். பெற்றோரில் ஒருவரை இழந்து வறுமையில் இருக்கும் பிள்ளைகளுக்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மூலம் மிஷன் வாத்சல்யா நிதி ஆதரவில் மாதம் 4,000 ரூபாய் கிடைக்க வழி இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். எட்டாம் வகுப்பில் தேசிய வருவாய்வழித் திறன் தேர்வில் தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போனால் பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். பின்னால் சொன்ன இரண்டும் இன்றைய பசிக்கு உதவாது என்றாலும், "இன்னும் மூணு வருஷம் பொறுங்க" என்று ஒரு தகப்பனிடம் பேசும்போது கையில் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று கிடைக்கிறது.

ஒப்புதல் ஆன உதவித்தொகை வராமல் நிற்பதற்கு அடிக்கடி காரணம் வங்கிக் கணக்கு. ஆதார் எண் கணக்கில் இருக்கும். நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு இணைக்கப்பட்டிருக்காது. இரண்டும் வேறு வேறு என்பது வங்கிக் கவுன்ட்டரில்கூடச் சில நேரம் விளக்கப்படுவதில்லை. அஞ்சலகத்தில் புதிதாக ஒரு கணக்குத் திறந்து அங்கேயே இணைத்துவிடுவது பெரும்பாலும் சீக்கிரம் முடியும்.

அட்வான்ஸ் கடனுக்காகப் பிள்ளை வேலையில் மாட்டிக்கொண்டிருந்தால், ஊரில் வசூல் செய்து கடனை அடைக்க நினைப்பார்கள். செய்யாதீர்கள். அடுத்த வருடம் அதே ஆள் இன்னும் நாலு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பார். 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழில் முறை ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாது என்கிறது. கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். 14 வயதுக்குள் என்றால் எந்த வேலைக்கும் வைக்கக் கூடாது. 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் வைக்கக் கூடாது. 1098-க்குப் போன் செய்தால் சொல்பவர் பெயர் வெளியே வராது. குழந்தைத் திருமண ஏற்பாடு காதில் விழுந்தாலும் இதே எண்தான். பத்திரிகை அடித்த பிறகு நிறுத்துவதைவிட, பூ வைக்கும் பேச்சு நடக்கும்போதே அந்த அம்மாவின் அண்ணன் தம்பி யாரையாவது பேசவைப்பது காயமில்லாமல் முடியும். அது பலிக்கவில்லை என்றால் தயங்காமல் போன் செய்துவிடுங்கள். உறவு கெடும் என்று பார்த்தால் அந்தப் பெண்ணின் படிப்பு கெடும்.

திரும்பி வந்த பிறகு

பேசிக் கூட்டி வருவது சுலபமான பாதி. வந்த பிள்ளை வகுப்பில் தரிக்க வேண்டும். இந்த வேலை தோற்கிற இடம் பெரும்பாலும் இங்கேதான், முதல் பத்து நாளில்.

திங்கட்கிழமை கூட்டி வராதீர்கள். காலை வழிபாட்டுக் கூட்டம் நீளமாக இருக்கும், முழு வாரம் மலைபோல் நிற்கும். புதன் அல்லது வியாழன் வந்தால் இரண்டு நாளில் விடுமுறை வந்துவிடும், மூச்சு விட்டுக்கொள்ளலாம். வருவதற்கு முதல் நாளே முடியை வெட்டிவிடுங்கள். சிரிக்க வேண்டாம், முடி வெட்டவில்லை என்று வாசலில் நிறுத்தப்பட்டு அப்படியே திரும்பிப் போன பையன்கள் நிறையப் பேர். சீருடை சின்னதாகிப் போயிருந்தால் பழைய மாணவர் ஒருவரிடம் வாங்கி வையுங்கள். வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே மூன்று விஷயம் பேசி வைக்க வேண்டும்: வந்ததும் நிற்க வைத்துக் கேள்வி கேட்கக் கூடாது, "வாங்க சார், இப்பத்தான் வழி தெரிஞ்சதா?" என்ற கிண்டல் கூடாது, பக்கத்தில் உட்கார அதே தெருப் பிள்ளை ஒன்றைச் சொல்லி வைக்க வேண்டும். உடலையோ மனதையோ நோகடிக்கும் தண்டனைக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவே தடை போடுகிறது. ஆனால் இந்தப் பேச்சில் சட்டத்தை எடுக்காமல் இருப்பதே நல்லது; ஆசிரியரைக் கூட்டாளியாக வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது பேரைக் கட்டி மேய்க்கிறவர் அவர்.

விட்டுப்போன பாடத்தை எல்லாம் எழுதிக் கொண்டுவரச் சொல்வது பிள்ளையைத் திருப்பி அனுப்பும் உறுதியான வழி. நாற்பது நாள் நோட்டை யாராலும் எழுத முடியாது. நன்றாக எழுதும் பிள்ளையின் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு இன்றைய பாடத்திலிருந்து தொடங்கலாம். அப்புறம், தயவுசெய்து, திரும்பி வந்த பிள்ளைக்கு மாலை போட்டு, தலைமையாசிரியரோடு நிற்கவைத்துப் படமெடுத்து முகநூலில் போடாதீர்கள். மாலை போட்டவர்களுக்குப் பெருமை. போட்டுக்கொண்ட பிள்ளைக்கு வருடம் முழுக்க அதுவே பட்டப்பெயர்.

முதல் வாரம் தினமும், இரண்டாம் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் திங்கள்தோறும் தெருக்காரர் ஒரு பார்வை பார்த்தால் போதும். மறுபடி நழுவும் என்றால் அது அநேகமாகத் திங்கட்கிழமையாகத்தான் இருக்கும். சனி ஞாயிறு வேலைக்குப் போய்க் கூலி வாங்கும் பையனை "வேலைக்கே போகாதே" என்று சொல்லிப் பயனில்லை. ஞாயிறு இரவு வேலைக்கு மட்டும் போகாமலிருக்க உடன்பாடு செய்துகொள்ளுங்கள்.

படிக்கத் தெரியாத ஒன்பதாம் வகுப்பு

எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறும் பிள்ளையை அறிவியல் பாடத்தில் உட்காரவைத்திருப்பது தண்டனைதான். மாலையில் 45 நிமிடம், ஐந்தாறு பேர், சொல்லிக் கொடுக்க ஊரில் டிகிரி முடித்த ஒருவர். 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் பாடம் நடத்திப் பழகியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்கலாம். மூன்றாம் வகுப்புப் பாடநூலை அப்படியே கொடுத்தால் பிள்ளை கூசும். கிரிக்கெட் செய்தி, பஸ் நேர அட்டவணை, சினிமா விமர்சனம் என்று எழுத்து பெரிதாக உள்ள எதையாவது படிக்கவையுங்கள். கணக்கில் வாய்ப்பாடும் வகுத்தலும் வந்துவிட்டால் பாதி பயம் போய்விடும். இந்த மாலை வகுப்பை எட்டு மணிக்கு மேல் இழுக்காதீர்கள். பெண் பிள்ளைகளைக் கூட்டிப்போக யார் வருவார்கள் என்பதை முதல் நாளே கேட்டு வையுங்கள்; கேட்காத இடங்களில் இரண்டாம் வாரத்தில் பையன்கள் மட்டும்தான் மிஞ்சுவார்கள்.

பத்தாம் வகுப்பில் நோக்கம் 35 மதிப்பெண், அதற்கு மேல் வருவது லாபம். கணக்கு வினாத்தாளில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. மூன்றையும் கூட்டினால் 30. அளவுகோலும் கவராயமும் பிடிக்கத் தெரிந்தால் 16 மதிப்பெண் கையில். ஜனவரிக்குள் இதைத் தினம் ஒன்று போட்டுப் பழகிய பிள்ளை கணக்குக்குப் பயந்து நிற்காது. அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. எழுத்துத் தேர்வில் குறைந்தது 20 வேண்டும், மொத்தம் 35. செய்முறைத் தேர்வு நாளில் வராமல் போனால் அந்தக் கணக்கே உடைந்துவிடும் என்பதால், தெருக்காரர் நேரில் போய் எழுப்பி அனுப்ப வேண்டிய நாள் அது.

சில பள்ளிகளில் தேர்ச்சி விகிதத்தைக் காப்பாற்ற, ஒன்பதாம் வகுப்பு முடியும்போதே "டிசி வாங்கிக்கிட்டு வேற எங்கயாவது சேத்துக்கங்க" என்று பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்வார்கள். பெற்றோர் எழுதிக் கேட்டதாக ஒரு தாளும் தயாராக இருக்கும். கையெழுத்துப் போட வேண்டாம். மேலாண்மைக் குழுவில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்தப் பத்தாம் வகுப்பினர் ஒன்பதில் சேர்ந்த ஜூனில் எத்தனை பேர், இப்போது பொதுத்தேர்வுப் பெயர்ப்பட்டியலில் எத்தனை பேர்? இரண்டுக்கும் நடுவிலுள்ள ஒவ்வொரு பெயருக்கும் விளக்கம் கேட்டுத் தீர்மான நோட்டில் எழுதிவிடுங்கள். இரண்டு வருடம் தொடர்ந்து கேட்டால் அந்த இடைவெளி சுருங்கும். பள்ளியில் பதில் கிடைக்காவிட்டால் கல்வி உதவி எண் 14417.

மே மாதம் முடிவு வரும் அன்று ஊரே தேறியவர்களைக் கொண்டாடும். தேறாதவர்களின் வீட்டுக்கு அன்று மாலையே போக வேண்டும். அசம்பாவிதம் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள்வது முதல் காரணம். இரண்டாவது, துணைத்தேர்வுக்கு விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் அவகாசம் தருவார்கள். தேர்வு அதே ஆண்டு ஜூன், ஜூலையில் முடிந்துவிடும். தேறினால் அந்த வருடமே பதினொன்றில் சேரலாம், வருடம் வீணாகாது. இது தெரியாமல் ஜூன் முதல் வாரமே பனியன் கம்பெனிக்குப் பஸ் ஏறியவர்கள் அதிகம். படித்த பள்ளி வழியாகவே விண்ணப்பம் போடலாம். தோற்ற பாடத்துக்கு மட்டும் மூன்று வாரம் உட்கார்ந்தால் போதும்.

பள்ளியை விட்டுப் பல வருடம் ஆகிவிட்ட பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதலாம். அவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது அறிவியல் செய்முறைப் பயிற்சியில். முதன்முறையாக எல்லாப் பாடமும் எழுதுகிற நேரடித் தனித்தேர்வர் அந்தப் பயிற்சிக்குத் தேர்வு விண்ணப்பத்துக்குப் பல மாதம் முன்பே தனியாகப் பதிவு செய்து, ஒதுக்கிய பள்ளியில் வகுப்புக்குப் போய்வர வேண்டும். அந்த அறிவிப்பு அரசுத் தேர்வுகள் இயக்ககத்திலிருந்து கல்வியாண்டின் தொடக்க மாதங்களில் வருகிறது. ஜூன் பிறந்ததும் நாளிதழைப் பார்த்துக்கொண்டிருங்கள். பதிவுச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து ஒரு பிரதியைத் தெருக்காரரிடமும் கொடுத்து வையுங்கள், ஏனென்றால் வேலைக்கு ஊர் ஊராகப் போகிறவர்களின் பையில் அது தங்காது.